மின்சார வண்டியும் முனிசிபாலிட்டியும்

மின்சார வண்டி வாங்குங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்யாத மந்திரிகள் இன்று இல்லை. சுவர்களில் விளம்பரம், பத்திரிகைகளில் விளம்பரம், சட்டசபையில் பிரசங்கம். புகையில்லை, இரைச்சலில்லை, பெட்ரோல் செலவில்லை என்று எடுத்துச் சொல்லப்படும் நன்மைகள் யாவும் உண்மையே. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் வண்டியை வாங்கிய பின்பு, அதற்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டுக்கு வெளியே எங்கே பெறுவது என்ற கேள்விக்கு, நமது சிறு நகரங்களில் வசிப்பவருக்குத் திருப்தியான பதில் கிடைப்பதில்லை. உபதேசம் தலைநகரிலிருந்து வருகிறது. கஷ்டம் தாலுகா ஊரில் அனுபவிக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

சென்ற வாரம் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் அன்பர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். ஒரு முனிசிபல் ஊரில் மாடிப் போர்ஷனில் வாடகைக்குக் குடியிருப்பவர். கடன் வாங்கி மின்சார ஆட்டோ ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டுக்காரர் தமது மீட்டரிலிருந்து சார்ஜ் போட இடங்கொடுக்கவில்லை. “மீட்டர் எல்லாக் குடித்தனத்துக்கும் பொது, நீ இழுக்கும் யூனிட்டுக்கு நான் பணம் கட்டுவதா?” என்பது அவர் வாதம். அதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவ்வூர் பஸ் ஸ்டாண்டின் ஒரு மூலையில் சார்ஜ் பெட்டி ஒன்று வைக்கப்பட்டு, மாலை மரியாதைகளுடன் திறந்தும் வைக்கப்பட்டது. திறந்த நாளில் எடுத்த படம் இருக்கிறது; பெட்டியும் இருக்கிறது; மின்சாரந்தான் இல்லை. பல மாதங்களாக அது பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால், ஓர் ஆபீஸில் மற்றோர் ஆபீஸைக் காட்டுகிறார்கள். அந்த ஆபீஸில் கண்டிராக்டரைக் காட்டுகிறார்கள். கண்டிராக்டரின் டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே அந்த அன்பர் இரவு கடை கட்டிய பிறகு ஒரு தேநீர்க் கடையின் பின்புறத்தில், கடைக்காரர் கேட்ட பணத்தைக் கொடுத்துச் சார்ஜ் போட்டுக்கொள்கிறார். கடையை அவர் திறக்கும் வரையில் வண்டியை வெளியே எடுக்க வழியில்லை. விடியற்காலை ரயிலுக்குப் போகும் சவாரியே அவருடைய நாளின் முதல் வருமானம். அது பல நாள் கை தவறிப் போகிறது. “இதற்குப் பழைய பெட்ரோல் வண்டியே தேவலை என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது, ஐயா?” என்று அவர் கேட்டார். உடனே சொல்ல நம்மிடமும் பதில் இருக்கவில்லை.

அந்த ஊரின் பெயரை நாம் வெளியிடப் போவதில்லை. வெளியிட்டால் குற்றவாளி அந்த ஊர் ஒன்றுதான் என்று மற்ற ஊர்கள் நிம்மதி அடைந்துவிடும்.

மின்சார வண்டி நம்மவர் காணாத அதிசயமன்று. 1895-ஆம் வருஷம் மே மாதத்திலேயே சென்னை வீதிகளில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதல் ஓடியது சென்னையில்தான். 1953-இல் அது நின்று போகும் வரையில் மூன்று தலைமுறையினர் அதில் பிரயாணம் செய்தார்கள். அன்று டிராம் விட்ட கம்பெனி வண்டியை மட்டும் தருவித்து ரஸ்தாவில் நிறுத்திவிடவில்லை. வண்டியும், தண்டவாளமும், அதற்கு மின்சாரம் வரும் வழியும் சேர்ந்ததே டிராம் என்பதை அது அறிந்திருந்தது. இன்றைய நிலைமை வேறு. வண்டி செய்பவர் வண்டியை விற்றதோடு தம் வேலை முடிந்தது என்கிறார். மின்சாரம் விற்பவர் வீட்டு மீட்டரோடு நின்றுகொள்கிறார். இருவருக்கும் நடுவில் தெரு இருக்கிறது. அந்தத் தெரு யாருடையது? அது முனிசிபாலிட்டியினுடையது. ஆகையால்தான் இந்தக் கேள்வியை நாம் முனிசிபாலிட்டியின் வாசலில் கொண்டுவந்து வைக்கிறோம்.

வண்டி செய்வதில் நம் நாட்டுக்குக் குறைவில்லை. ஓசூரிலும், போச்சம்பள்ளியிலும், ராணிப்பேட்டையிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் மின்சார மோட்டார் கார் தயாராகிறது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் தேசத்துக் கம்பெனி ஒன்று மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. இவற்றைச் சொல்லிப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் நம் தொழிலாளி தன் கையால் செய்த வண்டியைத் தன் சொந்த ஊர்ச் சந்தைக்கு ஓட்டிச் சென்றால், அங்கே சார்ஜ் போட ஒரு பிளக் இல்லை என்பது பெருமைக்குரிய விஷயமன்று.

சட்டம் குறுக்கே நிற்கிறதா? இல்லை. மின்சாரத்தைப் பிறருக்கு விநியோகம் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்பது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம். வண்டிக்குச் சார்ஜ் போட்டுப் பணம் வாங்குவதும் இந்தத் தடைக்குள் வருமோ என்ற சந்தேகம் ஆதியில் இருந்தது. 2018 ஏப்ரல் 13-ஆம் தேதி மத்திய சர்க்காரின் மின்சார மந்திரி இலாகா அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது. சார்ஜ் போடுவது ஒரு சேவை, அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. ஆகவே விதிப்படி பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யும் எந்தக் கடைக்காரரும், எந்தச் சங்கமும், எந்த முனிசிபாலிட்டியும் சார்ஜ் நிலையம் வைக்கலாம். புதிய மின் இணைப்புக் கேட்டவருக்குப் பெரிய நகரங்களில் 3 நாளிலும், மற்ற முனிசிபல் ஊர்களில் 7 நாளிலும், கிராமங்களில் 15 நாளிலும் அதைக் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் கூறுகின்றன. புதிய லைன் இழுக்க வேண்டிய இடங்களுக்கு விலக்கு உண்டு. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே செல்ல வேண்டியவர்கள்தாம் வாசற்படியில் நிற்கிறார்கள்.

பணம் இல்லை என்பதும் முழு உண்மையன்று. 2023-இல் எண்ணெய்க் கம்பெனிகள் மூன்றின் மூலம் 7,432 விரைவு சார்ஜ் நிலையங்கள் வைப்பதற்கென்று மத்திய சர்க்கார் 800 கோடி ரூபாய் அனுமதித்தது. 2024-இல் பி.எம். ஈ-டிரைவ் என்ற 10,900 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அதில் 2,000 கோடி சார்ஜ் வசதிக்கென்றே ஒதுக்கப்பட்டது. நாடு முழுவதும் வைக்க உத்தேசித்த சுமார் 72,000 சார்ஜ் கருவிகளில் 48,400 கருவிகள் இருசக்கர, முச்சக்கர வண்டிகளுக்கானவை. அத்திட்டத்தின் காலமும் 2028 மார்ச் வரையில் நீட்டிக்கப்பட்டது. சிறு நகரத்து ஜனங்கள் ஓட்டுவது ஸ்கூட்டரும் ஆட்டோவுமே. ஆகவே இந்தப் பணத்தில் அவர்களுக்கு நியாயமான பாத்தியதை உண்டு. ஆனால் மனுப் போடாதவன் பாத்தியதையை எந்தக் கோர்ட்டும் தானாகத் தேடி வந்து கொடுப்பதில்லை.

நமது ராஜ்ய சர்க்கார் 2023-இல் வெளியிட்ட மின்சார வாகனக் கொள்கை சென்னை, கோயமுத்தூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு நகரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மின்சார வாகன நகரங்களாக ஆக்குவதென்று சொல்லிற்று. எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2022 பிப்ரவரியில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தபோது இந்த ராஜ்யத்தில் 21 மாநகராட்சிகளும், 138 நகராட்சிகளும், சுமார் 490 பேரூராட்சிகளும் இருந்தன. ஏறக்குறைய 650 ஊர்களில் ஆறு ஊர்களுக்கு இலை போட்டாயிற்று. மற்ற ஊர்களுக்குப் பந்தி எப்போது?

2024 டிசம்பர்க் கணக்குப்படி இந்தியாவில் பொதுச் சார்ஜ் நிலையங்கள் 25,202. அண்டை ராஜ்யமாகிய கர்நாடகத்தில் மட்டும் 5,700-க்கு மேல் இருந்தன. நம் ராஜ்யத்தில் 2,000-கூட இல்லை. இதைக் கண்டு நாம் வெட்கப்பட வேண்டியதுதான். ஆயினும் கர்நாடகத்தின் தொகையிலும் பெரும்பகுதி பெங்களூரு நகரத்துக்குள் அடங்கியது. மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் பெரிய நகரத்தின் கணக்கைச் சிறிய நகரத்தின் பெயரில் எழுதுவதாகவே முடியும். 2030-க்குள் நகர்ப்புறங்களில் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் ஒரு நிலையமாவது இருக்க வேண்டும், நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வகுத்த விதிமுறை சொல்கிறது. நெடுஞ்சாலைப் பகுதி ஓரளவு தானாகவே நிறைவேறும். காரில் போகிறவர் இறங்கிச் சாப்பிடும் ஹோட்டலில் சார்ஜ் கருவி வைத்தால் ஹோட்டலுக்கும் லாபம் உண்டு. ஊருக்குள் இருக்கும் தெருவுக்கு அவ்வித லாபம் கிடையாது. லாபம் இல்லாத இடத்தில் பொது ஸ்தாபனம் வேலை செய்ய வேண்டும். இல்லையேல் அந்த ஸ்தாபனம் எதற்கு?

சார்ஜ் நிலையம் என்றதும் பல லட்ச ரூபாய் விலையுள்ள பெரிய யந்திரத்தையே நமது கவுன்ஸிலர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதைக் கண்டு மலைத்துப் போய்ப் பைலை மூடிவிடுகிறார்கள். இது தவறான எண்ணம். கணக்கைப் பார்ப்போம். சாதாரண மின்சார ஸ்கூட்டரின் பாட்டரி சுமார் 3 யூனிட் கொள்ளும். மின்சார ஆட்டோவின் பாட்டரி 7 அல்லது 8 யூனிட் கொள்ளும். நம் வீடுகளில் ஏர்கண்டிஷனுக்கும் கீசருக்கும் வைக்கும் 15 ஆம்பியர் பவர் பிளக்கே 3.3 கிலோவாட் வரையில் கொடுக்கும். அதில் போட்டால் ஆட்டோ சுமார் 4 மணி நேரத்திலும், ஸ்கூட்டர் தன் சார்ஜரின் அளவுக்கு ஏற்ப 4, 5 மணி நேரத்திலும் நிரம்பிவிடும். 30 யூனிட்டுக்கு மேல் கொள்ளும் காருக்குத்தான், அதிலும் வழிப்போக்கரின் காருக்குத்தான், விரைவு யந்திரம் அவசியம். ஆட்டோ ஸ்டாண்டில் இரவு நிற்கும் வண்டிக்கும், கோர்ட்டு வாசலில் காலையிலிருந்து மாலை வரையில் நிற்கும் ஸ்கூட்டருக்கும் அவசரம் என்ன?

இத்தகைய சிறு வண்டிகளுக்கென்றே மலிவான சார்ஜ் கருவிக்கு 2021-இல் இந்தியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டது. 3,500 ரூபாய்க்குள் ஒரு கருவி கிடைக்க வேண்டும், கைப்பேசியின் மூலம் யூனிட் கணக்கும் பணமும் தீர்ந்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். இவ்வித பிளக்குகள் பத்து வைத்தாலும், பத்தும் ஒரே சமயத்தில் முழுதாக இழுத்தாலும், 33 கிலோவாட்டுக்கு மேல் போகாது. சிறு அரிசி ஆலை ஒன்றுக்குக் கொடுக்கும் மின்சாரத்தை ஒரு பஸ் ஸ்டாண்டுக்குக் கொடுக்க முடியாதென்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

“ஊரில் மின்சார வண்டிகளே சில, அவற்றுக்காக இவ்வளவு ஏற்பாடா?” என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்குச் சென்று மாணாக்கர்களை எண்ணிப் பார்த்து, ஒருவரும் படிக்கவில்லை, ஆகையால் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை என்று ரிப்போர்ட் எழுதும் உத்தியோகஸ்தரின் வாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

“வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே” என்பது மற்றொரு ஆட்சேபம். வீட்டில் கிணறு உள்ளவர் தெருக் குழாயைத் தேடி வருவதில்லை. தெருக் குழாய் வைப்பது கிணறு இல்லாதவருக்காக. சொந்த வீடும், கார் நிறுத்தக் கொட்டகையும் உள்ளவருக்கு நமது சிபார்சு வேண்டியதில்லை. மாடியில் குடியிருக்கும் குமாஸ்தா, ஆட்டோ ஓட்டும் தொழிலாளி, நாலு கிராமம் சுற்றி வரும் கிராம சுகாதார நர்ஸ், தாலுகா ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருபது மைல் கடந்து வரும் குடியானவர் ஆகிய இவர்களுக்காகவே நாம் பேசுகிறோம். பொது வசதி இல்லாத இடத்தில் ஜனங்கள் சும்மா இருந்துவிடுவதுமில்லை. மாடி ஜன்னலிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு, எர்த்தும் இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மழையிலும் சார்ஜ் போடுகிறார்கள். விபத்து நேர்ந்த பிறகு விசாரணைக் கமிட்டி போடுவதைவிட, அதற்கு முன்னால் பத்து பிளக் போடுவது சுலபம்.

மின்சாரத்தில் பெரும் பங்கு நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. முப்பந்தலில் காற்றாலைகளும், கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையமும் உள்ள ராஜ்யம் இது. பகலில் சூரிய மின்சாரம் மிகும் சமயத்தில் வண்டிகள் சார்ஜ் ஏற்றுமானால் அக்குறையும் குறையும். 2024 விதிமுறையின்படி பொது நிலையங்களுக்குக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையில் சராசரி அடக்க விலையில் பத்தில் ஏழு பங்கும், மற்ற நேரங்களில் பத்தில் பதின்மூன்று பங்கும் கட்டணமாக இருக்க வேண்டும். மலிவான பகல் நேரத்தில் வண்டிகள் எங்கே நிற்கின்றன? வீட்டிலல்ல, ஆபீஸ் வாசலிலும், சந்தைத் திடலிலும், பஸ் ஸ்டாண்டிலும். ஆகையால் பொது இடத்தில் பிளக் இல்லாதவரையில் அந்த மலிவு ஏழைக்குக் காகிதத்திலுள்ள மலிவே.

இனி, பெட்டி இருப்பது வேறு, அது கிடைப்பது வேறு என்ற விஷயத்துக்கு வருகிறோம். இதுவே நமது முக்கியமான வாதம். சர்க்கார் கணக்கில் ஒரு நிலையம் என்று எழுதப்படுவது, பூட்டியிருந்தாலும் ஒன்றுதான், பழுதாயிருந்தாலும் ஒன்றுதான், அதன் முன்னால் மீன் கூடைகள் அடுக்கப்பட்டிருந்தாலும் ஒன்றுதான். வண்டி ஓட்டுபவன் கணக்கில் இவை யாவும் பூஜ்யம். இன்ன கம்பெனியின் ஆப் இருந்தால்தான் திறக்கும், இன்ன மாதிரி பிளக் உள்ள வண்டிக்குத்தான் பொருந்தும் என்றால், அதையும் பூஜ்யத்தோடுதான் சேர்க்க வேண்டும். எத்தனை பெட்டிகள் வைத்தோம் என்று கேட்கும் சர்க்கார், சென்ற மாதம் எத்தனை நாள் அவை வேலை செய்தன என்றும் கேட்க வேண்டும். முதற்கேள்விக்குக் கண்டிராக்டர் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் ஒரு பொறுப்பாளி வேண்டும்.

ஆதலால் ஒவ்வொரு நகராட்சியும் பேரூராட்சியும் இவ்வருஷத்து வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று யோசனை கூறுகிறோம். முதலாவது, பஸ் ஸ்டாண்டு, உழவர் சந்தை, சர்க்கார் ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் ஆகிய இடங்களில் கூரையும் எர்த்தும் மீட்டரும் உள்ள சாதாரண பிளக்குகளை முதலில் வைக்கட்டும். விரைவு யந்திரம் ஊருக்கு ஒன்று பிறகு வரட்டும். இரண்டாவது, யூனிட் விலையைத் தமிழில் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைக்கட்டும். ஆப் இல்லாதவரிடம் ரொக்கமும் வாங்கட்டும். மூன்றாவது, பழுது பார்ப்பவரின் பெயரும் டெலிபோன் எண்ணும் பெட்டியின்மேலேயே இருக்கட்டும். குறித்த நாளுக்குள் பழுது தீராவிட்டால் கண்டிராக்டரின் பணத்தில் பிடித்தம் செய்யும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நான்காவது, பெட்டி வேலை செய்த நாட்களின் கணக்கு மாதந்தோறும் கவுன்ஸில் கூட்டத்தில் படிக்கப்படட்டும்.

இதனால் முனிசிபாலிட்டிக்கு நஷ்டம் வருமா? சர்க்கார் நிலத்தைச் சார்ஜ் நிலையத்துக்குக் கொடுத்து, செலவாகும் யூனிட்டுக்கு 1 ரூபாய் வீதம் பங்கு பெறும் முறையை 2022-ஆம் வருஷத்து மத்திய விதிமுறை வகுத்தது. நாளொன்றுக்குப் பத்து ஆட்டோக்கள் வந்தால் 70 ரூபாய். வருஷத்துக்கு 25,000 ரூபாய். இது பெரிய வருமானம் என்று நாம் சொல்லவில்லை. தெரு விளக்கிலிருந்து முனிசிபாலிட்டிக்கு என்ன வருமானம் வருகிறது? விளக்கு எரிகிறது, ஜனங்கள் நடக்கிறார்கள். அதற்காகத்தான் வரி வாங்குகிறோம்.

நமது வாசகர்களில் பொது வேலையில் ஈடுபட்டவர்கள் அநேகர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைப் பிரசங்கத்துக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கடன் வாங்கி வண்டி எடுத்த ஒருவன் காலையில் சவாரிக்குப் போகிறானா இல்லையா என்பது அவன் குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல. உங்கள் ஊரில் அடுத்த பகுதி சபை கூடும்போது இதை எழுப்புங்கள். வோட்டுக் கேட்க வருபவர்களிடம் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நேரே சென்று, பெட்டி இருக்கிறதா, அதில் மின்சாரம் வருகிறதா என்று உங்கள் கையாலேயே சோதித்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று எழுத்து மூலம் கேளுங்கள். நம்மைக் காண வந்த அந்த அன்பர் தனி மனிதராகக் கேட்டபோது அவரை ஒவ்வோர் ஆபீஸாக அலைய வைத்தார்கள். ஊரே சேர்ந்து கேட்டால் சாவி கிடைக்கும் என்று நாம் நம்புகிறோம்.